பின்கதவின் வட்ட மூடி

என் மனைவியின் காதில் எந்தக் குறையும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், தன் காது போய்க்கொண்டிருக்கிறது என்று இரண்டு வருடத்துக்கு மேல் அவளை நம்பவிட்டேன். அந்த நம்பிக்கையில் அவள் முப்பது வருடமாகப் பாடிவந்த சபைப் பாடகர் குழுவிலிருந்து விலகினாள். விலகிய அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்தது இதுதான். எப்படிச் செய்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில். சபை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். நான் பிறந்தது அங்கே இருந்த ரயில்வே குடியிருப்பில். பிறகு நானும் ரயில்வே அலுவலகத்தில் சேர்ந்து முப்பத்து நான்கு வருடம் கடிதப் பிரிவில் வேலை பார்த்தேன். குடியிருப்பு இடிக்கப்பட்டதும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டோம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பழைய சபைக்கே வருவோம். ரவாங்கிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு அடுத்த தெருவில் வேறொரு சபை இருக்கும். அதைத் தாண்டித்தான் வண்டி ஓட்டி வருவார்கள். எங்கள் ஆட்கள் அப்படி.

பணி ஓய்வுக்குப் பிறகு பழைய கார் ஓடாமல் போனதும், ஏழு பேர் உட்காரக்கூடிய புது வண்டி ஒன்றை வாங்கினேன். ஞாயிறுதோறும் எங்களோடு இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருவர் எங்கள் தெருவில் இருக்கும் எண்பது வயது அக்கா. அவருக்கு வலது முழங்கால் மடங்காது, ஆகவே முன் இருக்கை அவருக்கு. இன்னொருவரை வழியில் சுங்கை வேயில் ஏற்றிக்கொள்வோம். இரைச்சல் மிகுந்த தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்து காது மந்தமாகிப்போன அம்மா அவர். அவரும் என் மனைவியும் நடு வரிசையில் உட்காருவார்கள். மனைவி எப்போதும் எனக்கு நேர் பின்னால். கண்ணாடியில் அவள் முகத்தின் பாதி எனக்குத் தெரியும்.

அவள் ஆல்டோ பாடுகிறவள். மேலே போகும் மெட்டு மற்றவர்களுக்கு, கீழே நின்று அதைத் தாங்கும் குரல் இவளுக்கு. குழுவை நடத்தும் பெண் ஓர் ஆசிரியை, எங்கள் மகளைவிட இளையவள். ஒவ்வொரு பகுதியையும் தானே தனியாகப் பாடிப் பதிவுசெய்து எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பிவிடுவாள். என் மனைவி அதை வண்டியின் வானொலியோடு இணைத்து, போகிற வழியெல்லாம் கேட்டுப் பழகப் பார்ப்பாள். கூட்டரசு நெடுஞ்சாலை இரைச்சலில் நடு வரிசைக்கு அது சரியாக எட்டவில்லை.

"என்னங்க, இந்தக் காடில பின்னால ஸ்பீக்கரே இல்லயா?" என்று ஒருநாள் கேட்டாள். காரை நாங்கள் காடி என்போம்.

"முன்னால ரெண்டு இருக்கே. போதாதா?"

"உங்களுக்குப் போதும். நான் பின்னால இல்ல ஒக்காந்திருக்கேன்? கடையில குடுத்து ரெண்டு போட்டுக் குடுங்க லா."

சரி என்றேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே வரியைப் பத்துமுறை கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டுமே என்ற எரிச்சல். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டியின் கதவை யாரோ பிரித்துப்போடுவார்களே என்ற கவலை. இவை இரண்டும் அவளிடமே சொல்லக்கூடிய காரணங்கள். சொல்ல முடியாதது ஒன்றும் இருந்தது. சபையில் எனக்குப் பெயர் கிடையாது. ஆல்டோ பாடும் அம்மாவின் வீட்டுக்காரர், அவ்வளவுதான். முப்பது வருடமாக நான் தனியாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, மேலே நிற்கும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக்குள்ளாவது அந்தக் குழு வராமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுபது வயதில் ஒருவனுக்கு இப்படிப்பட்ட பொறாமை இருக்கும் என்று நான் யாரிடமும் கேள்விப்பட்டதில்லை. எனக்கு இருந்தது.

ஒரு சனிக்கிழமை கிள்ளானில் கார் உதிரிப்பொருள் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். அதில் ஒன்றின் நான்கு கதவுகளும் உட்பக்கம் உரிக்கப்பட்டு, வயர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார் கடைக்காரர். எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பத்திரிகையை முழுதாகப் படித்தேன், இரண்டு தேநீர் குடித்தேன், பிறகு கடைக்குத் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட்டம் அதிகம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் நினைத்தேன்.

வண்டியை நிறுத்துவதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். கேட்ட வேகத்துக்குப் பதில் வந்துவிட்டது, அவ்வளவுதான். அப்போதும் திருத்தியிருக்கலாம். ஆனால் அவள் பின்கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். கதவின் கீழ்ப்பகுதியில், சின்னச் சின்னத் துளைகள் போட்ட கறுப்பு வட்ட மூடி ஒன்று இருந்தது. தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை. அதுவரை அவள் அதைக் கவனித்ததில்லை. காலுக்குக் கீழே இருப்பதை யார் கவனிக்கிறார்கள்? மாவு ஒட்டாத விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அழகா போட்டிருக்கான். கம்பெனியில போட்ட மாதிரியே இருக்கு," என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் ஞாயிறு. பதிவை ஓடவிட்டாள். சுங்கை வே தாண்டியதும் கேட்டாள்.

"கொஞ்சம் சத்தமா வைங்க."

வைத்தேன். முன்னால் இருந்த அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அப்பப்பா, கொறைங்க தம்பி. மண்டை கலங்குது."

"எனக்குச் சரியாவே கேக்கலயே அக்கா."

"எண்பது வயசுக் கெழவி எனக்கே இந்தப் போடு போடுது. ஒனக்கு என்னாம்மா?"

மனைவி பக்கத்தில் இருந்த சுங்கை வே அம்மாவைப் பார்த்து, "உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

"என்னா, எறங்கணுமா?" என்றார் அவர்.

வண்டியே சிரித்தது. மனைவியும் சிரித்தாள். "போச்சு, நானும் இவங்களும் இப்ப ஒரே கட்சி," என்றாள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். மற்றதெல்லாம் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை நான் யோசித்துத்தான் சொன்னேன்.

"ஸ்பீக்கர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ உன் காதைப் பாரு லா."

அக்கா மறுபடி சிரித்தார். கண்ணாடியில் தெரிந்த பாதி முகம் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று, அதற்கடுத்ததும். கொஞ்ச நாளில் அவள் சத்தமாக வைக்கச் சொல்வதை நிறுத்திவிட்டாள். கைப்பேசியைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டால் கேட்கிறதே என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "பக்கத்துல வெச்சா கேக்குதும்மா. தள்ளி இருந்தாத்தான் கேக்கல," என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். தன் காலடியில் ஓர் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருப்பதாகவும், அது தன் காதில் விழவில்லை என்றும் அவள் உறுதியாக நம்பினாள். என்னை நம்பியதால் தன் காதை நம்பவில்லை.

பிறகு வீட்டில் எல்லாவற்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். வாசல் மணி அடித்ததா? குக்கர் எத்தனை விசில்? மழை பெய்கிறதா, அல்லது பக்கத்து வீட்டுக் குழாயா? நான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

மகள் வற்புறுத்தியதால் ஒரு வருடம் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். அறைக்குள் காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தேர்வு எழுதும் பிள்ளையைப் போல் உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அங்கிருந்த பெண் தாளைக் காட்டினாள்.

"ஆன்டி, உங்க வயசுக்கு இது நார்மல். ரொம்ப ஹையான சத்தம் மட்டும் கொஞ்சம் கொறையுது. அது எல்லாருக்கும் வர்றதுதான்."

மின்தூக்கிக்குள் மனைவி என்னிடம் சொன்னாள், "கொறையுதாம்."

அவள் கேட்டது அந்த ஒரு சொல்லை மட்டும்தான். நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்பது எனக்குத் தெரியும். மின்தூக்கியில் வேறு யாருமே இல்லை. "வயசாச்சு இல்ல," என்றேன்.

முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஒரு மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். அந்த மின்தூக்கிக்குப் பிறகு எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் இருந்தபோது எத்தனையோ பேருக்காக வருத்தம் தெரிவித்து மூன்று மொழிகளில் கடிதம் எழுதியவன் நான்.

அவளுடைய பாட்டும் கெட்டது. காதில் குறை எதுவும் இல்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் பாடுகிறவர்களோடு சேர்ந்திருக்கிறோமா என்று சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, ஒரு நொடி தாமதமாகப் பிடித்தாள். சில இடங்களில் விட்டுவிட்டாள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் பயிற்சி தொடங்குவதற்கு முன், ஆராதனை முடிந்ததும் தன் பாட்டுத் தாள்கள் இருந்த கோப்பை ஆசிரியைப் பெண்ணின் கையில் கொடுத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏன் ஆன்டி? நீங்க இல்லாம ஆல்டோல யார் இருக்கா?"

"என் காது சரியில்ல மா. நான் தப்பாப் பிடிச்சா, பக்கத்துல நிக்கிறவங்களையும் இழுத்துக்கிட்டுப் போயிடுவேன். நல்லா இருக்கிறப்பவே எறங்கிடணும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள் அங்கிள் என்பதுபோல. நான் வண்டிச் சாவியைப் பையில் தேடினேன்.

அடுத்த ஞாயிறு அவள் என்னோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் குழுவில் சேர்ந்த பிறகு சபையில் நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். எல்லோரும் எழுந்து பாடினார்கள். அவள் புத்தகத்தைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் வாயசைத்தாள். சத்தம் வரவில்லை. கடைசி வரிவரை அப்படியே அசைத்தாள். முப்பது வருடமாக நான் ஆசைப்பட்டது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு மகள் வீட்டில் ஒரு வாரம் தங்க அவள் ஜொகூருக்குப் போனாள். அவள் பேருந்து ஏறிய மறுநாள் நான் மறுபடியும் அதே கடைக்குப் போனேன். அன்று கூட்டம் இல்லை. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி, வாயில் பேச்சு நிற்காது. பின்கதவின் உட்பலகையை நான்கு இடத்தில் தட்டிக் கழற்றினார்.

"அங்கிள், இதுக்குள்ள ஒண்ணுமே இல்லயே."

"தெரியும் பா."

"தெரியுமா? நெறைய பேருக்குத் தெரியாது அங்கிள். கவரைப் பாத்துட்டு உள்ள ஸ்பீக்கர் இருக்குன்னு நெனச்சுக்குவாங்க. ஒசத்தி மாடலுக்கும் இதுக்கும் ஒரே கதவுதான் செய்யிறான். இங்க பாருங்க, வயர்கூட இழுத்து ரெடியா வெச்சிருக்கான்."

கதவுக்குள் வெள்ளைச் சொருகி ஒன்று, கறுப்பு நாடாவால் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு கதவும் சேத்து அரை மணி நேரம். நடுவுல நான் டீ குடிச்சா நாப்பது நிமிஷம்."

போடுவதற்கு முன் வானொலியை வைக்கச் சொல்லி, நான் பின்னால் போய் மனைவியின் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் அங்கே உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. வண்டி நின்றுகொண்டிருந்தது, தெருவில் இரைச்சலும் அதிகம் இல்லை. அப்படியும் பாட்டு எங்கோ அடுத்த அறையில் ஓடுவதைப் போல் இருந்தது. சொற்கள் புரிந்தன. அடியில் ஓடும் சுரங்கள் எதுவும் வந்துசேரவில்லை. அவள் தேடியது அவற்றைத்தான்.

வேலை முடிந்ததும் மறுபடி உட்காரச் சொன்னார் கடைக்காரர். பாட்டு முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தது.

"எப்பிடி அங்கிள்? ஆன்டி சந்தோஷப்படுவாங்க இல்ல?"

படுவார்கள் என்றேன்.

என் திட்டம் இதுதான். அவள் திரும்பி வந்ததும், ஞாயிறு காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே வீட்டு வாசலில் வைத்து உண்மையைச் சொல்லிவிடுவது, பிறகு பாட்டைப் போட்டுக் காட்டுவது. ஆனால் அன்று அக்கா சீக்கிரமே வந்து முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வானொலியை அணைத்துத்தான் வைத்திருந்தேன். அக்காதான் பாட்டுப் போடச் சொல்லி, தானே கையை நீட்டி அழுத்தினார்.

ஷா ஆலாமுக்கு அருகே பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொஞ்சம் கொறைங்க."

"என்னாது?" என்றேன்.

"சத்தம் அதிகமா இருக்கு. கேக்குதுங்க. எனக்கு நல்லா கேக்குது. காலுகிட்டயே கேக்குது!" அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, எனக்குக் காது கேக்குது அக்கா!"

ஸ்பீக்கர் புதிது என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையை உயர்த்தி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று உரக்க ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். பின்னால் மனைவியும் சேர்ந்துகொண்டாள். அந்த ஜெபத்தில்தான் எனக்கே ஒரு செய்தி தெரிந்தது. அவள் வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் இருந்தது தன் காதுக்காக. வாயுத்தொல்லை என்று நான் நினைத்திருந்தேன். சுங்கை வேயில் வண்டியை நிறுத்தியபோதும் ஜெபம் முடிந்திருக்கவில்லை. ஏறிய அம்மா ஒன்றும் புரியாமல், ஆனால் மரியாதையாக, தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் முன்னால் போய், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒலிவாங்கியில் சொல்லலாம். இத்தனை வருடத்தில் அவள் அதற்கு எழுந்ததே இல்லை. அன்று எழுந்தாள். நான் அவள் சேலை முந்தானையைப் பிடித்தேன். தடுக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. தைரியம் சொல்கிறேன் என்று நினைத்து, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

"ரெண்டு வருஷத்துக்கு மேல எனக்குக் காது சரியா கேக்கல," என்று தொடங்கினாள். "வீட்டுல அவர்தான் எனக்குக் காதா இருந்தார். வாசல் மணிகூட அவர்தான் சொல்லணும். ஒரு நாளும் சலிச்சுக்கல. இன்னிக்குக் காலைல வர்ற வழியில ஆண்டவர் என் காதைத் தொட்டார்."

சபை கைதட்டியது. ஆசிரியைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டினார். அந்தக் கைதட்டல் எனக்கும் சேர்த்து.

அன்று மற்ற இருவரையும் இறக்கிவிட்ட பிறகு, எங்கள் வீட்டு வாசலில் இயந்திரத்தை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பிப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் இறங்கினாள். பின்கதவுக்கு முன் குனிந்து பார்த்தாள்.

"இது அன்னிக்கே இருந்துச்சே."

"மூடி இருந்துச்சு. உள்ள ஒண்ணும் இல்ல."

"காது டெஸ்ட்டுக்குப் போனோமே. பக்கத்துலதானே ஒக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"பாட்டு ஃபைலக் குடுத்தன்னிக்கு?"

"ஆமா."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"நான் மைக்ல போய் ஆண்டவர் தொட்டார்னு சொல்லிட்டேன். ஆண்டவர் பேர்ல பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க அதே மைக்ல போய்ச் சொல்லுங்க. நடந்தத நடந்த மாதிரியே சொல்லணும்."

சொல்கிறேன் என்றேன். அந்த வாரம் முழுவதும் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நான் ஒரு தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் அரைப் பக்கம் வந்தது. அவளிடம் படித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம், அங்கே கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

ஞாயிறு வந்தது. எழுந்து முன்னால் போனேன். போன வாரம் என் மனைவி சொன்ன சாட்சியில் அவள் தவறு எதுவும் இல்லை, தவறு என்னுடையது என்று தொடங்கினேன். ஸ்பீக்கர் போட்டதாக நான் பொய் சொன்னேன், அங்கே வெறும் மூடிதான் இருந்தது என்று படித்தேன். முன் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் காதில்தான் குறை என்று சொல்லிவிட்டேன் என்றபோது சபை முழுவதும் சிரித்தது. நல்ல சிரிப்பு, பிரியமான சிரிப்பு. பின் பெஞ்சிலிருந்து ஒருவர், "அண்ணே, அந்த மூடி எங்க கெடைக்கும்?" என்று குரல் கொடுத்தார். பாஸ்டர் தன் ஒலிவாங்கியை எடுத்து, "ஆண்டவர் கார் ஸ்பீக்கர் வழியாவும் பேசுவார், பாத்தீங்களா?" என்றார். மறுபடி கைதட்டல்.

அடுத்த வரியில்தான் அவள் பாடகர் குழுவை விட்டதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படிக்க நான் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு முகங்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சபையில் முதல்முறையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் மூன்றாவது பெஞ்சில் இருந்து அதைப் பார்த்தாள். மீதி வரிகளைப் படித்தேன். யாரும் காது கொடுக்கவில்லை.

தேநீர் நேரத்தில் எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். ஒருவர்கூடத் திட்டவில்லை. ஆசிரியைப் பெண் மட்டும் என்னிடம் வரவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்டி, அப்ப அடுத்த வாரம் வந்துடுங்க. உங்க எடம் அப்படியே இருக்கு," என்றாள்.

"பாக்கலாம் மா," என்றாள் இவள்.

வீட்டில் சாப்பாட்டைப் பரிமாறும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாரும் சிரிச்சாங்க, சரி. நீங்க ஏன் சிரிச்சீங்க?"

மன்னித்துக்கொள் என்றேன். சரி என்றாள். அந்தச் சரிக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் குழுவுக்குத் திரும்பவில்லை. ஆசிரியைப் பெண் இன்னும் பதிவுகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். சபையில் எங்களைப் பார்த்ததும் யாராவது அந்த மூடியைப் பற்றிக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பதில்லை. "அங்க போய் நின்னா எல்லாரும் என் காதைத்தான் பாப்பாங்க," என்று மகளிடம் தொலைபேசியில் சொன்னாளாம். மகள் என்னிடம் சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். தெரியவில்லை அப்பா என்றாள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல், மருந்து வாங்கப் போனவன் கடை மூடியிருந்ததால் சீக்கிரம் திரும்பினேன். வாசல் கதவுக்கு வெளியிலேயே கேட்டது. சமையலறையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஆல்டோ பகுதியை மட்டும். மற்றக் குரல்கள் இல்லாமல் கேட்டால் அது என்ன பாட்டு என்றே தெரியாது. மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே நடந்து, யாருக்கோ இடம் விட்டதுபோல் நின்று, மறுபடி நடக்கும். ஓர் இடத்தில் தவறினாள். திரும்பப் போய் அதைச் சரியாகப் பிடித்தாள். நான் பூட்டைத் திறந்த சத்தத்தில் பாட்டு நின்றது.

"வந்துட்டீங்களா? டீ போடவா?"

அடுத்த வாரம் வேண்டுமென்றே வெளியே போய் வந்து பார்த்தேன். நான் இல்லாத நேரத்தில் பாடுகிறாள். நான் வந்தால் நிறுத்திவிடுகிறாள்.

ஆகவே இப்போது தினமும் நான்கு மணிக்கு வெளியே போகிறேன். மழை என்றால் குடை எடுத்துக்கொள்கிறேன். தெருமுனைக் கடையில் ஒரு தேநீர், பிறகு திடலைச் சுற்றி இரண்டு நடை. ஐந்தேகாலுக்கு வீட்டுப் பூட்டைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுத் திறக்கிறேன்.

போன வாரம் அவள் கேட்டாள். "அப்பிடி என்னாங்க தெனம் வெளிய போறீங்க? இந்த மழையில?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. இனி அவளிடம் பொய் சொல்வதில்லை என்று, எல்லாவற்றையும் சொன்ன அன்று அந்த வாசலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவன், மறுபடி ஒன்றைச் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நான் கேட்டது அவளுக்குத் தெரிந்துவிடும், அதோடு வீட்டுப் பாட்டும் நின்றுபோகலாம். சொல்லாமல் இருந்தால் அவளுக்குத் தெரியாமல் நான் மறுபடியும் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவன். எது சரி என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அவள் இருக்கும் நேரத்தில் இதை எழுத முடியாது. கடை மேசையில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி இப்போது நாலரை.